முதல் நாள் டிக்கெட்

(லண்டனுக்குத் தென்மேற்கே, சர்பிட்டன் ரயில் நிலைய வாசல். 2025 மே 25, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி தாண்டியிருக்கிறது. வெயில் வந்துவிட்டது, சூடு வரவில்லை. சுந்தரேசன், வயது 67, தலையில் குரங்குக் குல்லா, விழுப்புரம் பக்கம் ரயில்வேயில் 34 வருடம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர், மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். குலசிங்கம், இலங்கையின் சாவகச்சேரிக்காரர், 30 வருடமாக இங்கேயே இருப்பவர், கடை வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.)

குலசிங்கம்: ஐயா, தொலைபேசியில் நீங்கள் தமிழ் கதைத்தது கேட்டது, அதுதான் வந்தேன். உள்ளே போய் நிற்காதீர்கள். இங்கிருந்து லண்டன் வாட்டர்லூ நிலையத்துக்கு இப்போது வண்டி இல்லை, பஸ்தான்.

சுந்தரேசன்: பஸ்ஸா? தம்பி, இன்று காலை முதல் இந்தப் பாதையில் ஓடும் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அரசாங்கத்துடையது. மருமகன் செய்தியில் காட்டினார். முதல் நாள் டிக்கெட் ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அலாரம் வைத்து எழுந்து வந்திருக்கிறேன்.

குலசிங்கம்: அரசாங்கம் எடுத்தது உண்மை. தண்டவாளத்தில் வேலை நடப்பதும் உண்மை.

சுந்தரேசன்: பொறுப்பேற்ற அன்றைக்கே ரயிலை பஸ்ஸாக்கிவிட்டார்களே! எங்கள் ஊரில் இதற்கு ஓர் ஐந்தாண்டுத் திட்டமாவது வேண்டியிருக்கும். சரி, யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

குலசிங்கம்: இந்த நாட்டில் அதுதான் முப்பது வருடத்துக் கேள்வி ஐயா. 1948-இல் ரயில் முழுவதும் அரசாங்கத்திடம் போனது. 1993-இல் சட்டம் போட்டுத் துண்டு துண்டாக்கித் தனியாருக்குக் கொடுத்தார்கள். தண்டவாளம் ஒருவருக்கு, வண்டி ஓட்டுவது இன்னொருவருக்கு, பெட்டிகள் வேறொருவருக்குச் சொந்தம், வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்ட வேண்டும்.

சுந்தரேசன்: கல்யாணக் காண்டிராக்ட் மாதிரி. பந்தல் ஒருவர், பாத்திரம் வாடகை, சமையல் வேறொருவர். சாம்பாரில் உப்பில்லை என்று போய் நின்றால் பாத்திரக்காரனைக் கைகாட்டுவார்கள்.

குலசிங்கம்: அங்கே கைகாட்டினால் போதும். இங்கே கைகாட்டுவதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். வண்டி பிந்தினால் அது யார் குற்றம் என்று வழக்காடுவதற்கு மட்டும் முழுநேர ஊழியர்கள் கிட்டத்தட்ட 400 பேர். நான் சொல்லவில்லை, 2021-இல் போக்குவரத்து அமைச்சரே அரசாங்க அறிக்கையில் எழுதினார்.

சுந்தரேசன்: அந்த நானூறு பேரும் இறங்கித் தள்ளியிருந்தால் வண்டி நேரத்துக்குப் போயிருக்கும்.

குலசிங்கம்: இதைக் கேளுங்கள். வண்டியில் பறவை மோதினால் தாமதத்துக்கு யார் காசு கொடுப்பது? சின்னப் பறவை என்றால் ஒரு தரப்பு, பெரிய பறவை என்றால் மறு தரப்பு. ஃபெசன்ட் என்று இங்கே ஒரு பறவை இருக்கிறது, நம் காட்டுக்கோழிக்கு ஒன்றுவிட்ட உறவு. அது சின்னதா பெரியதா என்று சண்டை. இதுவும் அதே அறிக்கையில் இருக்கிறது.

சுந்தரேசன்: அடிபட்ட கோழியைக் குழம்பு வைத்துப் பார்த்திருந்தால் எத்தனை பேருக்குக் காணும் என்று தெரிந்திருக்கும். அளவும் விளங்கியிருக்கும்.

(பஸ் வருவதுபோல் ஒரு சத்தம். இருவரும் திரும்புகிறார்கள். குப்பை லாரி.)

குலசிங்கம்: சிரிக்க முடியாததும் இருக்கிறது. 2000-இல் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளம் நொறுங்கி வண்டி கவிழ்ந்தது, நாலு பேர் செத்தார்கள். நாடு முழுவதும் எங்கெங்கே விரிசல் என்று தண்டவாளக் கம்பெனிக்கே சரியாகத் தெரியவில்லை, வண்டிகள் மாதக்கணக்கில் ஊர்ந்தன. அடுத்த வருடம் அந்தக் கம்பெனி திவாலானது. 2002-இல் பங்குதாரர் இல்லாத வேறு நிறுவனத்திடம் தண்டவாளம் போய்விட்டது. வண்டிகள்தான் தனியாரிடம் மிஞ்சின.

சுந்தரேசன்: அந்தத் தனியாராவது சொந்த ஊர்க்காரர்களா?

குலசிங்கம்: அங்கேதான் பகிடி. பிரிட்டன் அரசாங்கத்துக்கு ரயில் ஓட்டத் தெரியாது என்று தனியாரைக் கூப்பிட்டார்கள். ஏலத்துக்கு வந்தவர்களில் ஜெர்மனி அரசின் ரயில்வே, நெதர்லாந்து அரசின் ரயில்வே, இத்தாலி அரசின் ரயில்வே எல்லாம் இருந்தன. இந்தப் பாதையிலேயே நேற்றுவரை 30 சதவீதம் ஹாங்காங் ரயில் நிறுவனத்துக்கு. அதில் பெரும் பங்கு ஹாங்காங் அரசுக்கு.

சுந்தரேசன்: அப்படியானால் இத்தனை நாளும் இது அரசாங்க வண்டிதான். அரசாங்கம்தான் வேறு!

குலசிங்கம்: நான் கொடுத்த டிக்கெட் காசில் ஆம்ஸ்டர்டாமில் யாரோ சொகுசாகப் போயிருப்பார்கள்.

சுந்தரேசன்: தம்பி, இதையெல்லாம் நாங்கள் முன்பே பட்டுவிட்டோம். நான் டிக்கெட் கொடுத்த பாதை ஆதியில் தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனியுடையது. தலைமை அலுவலகம் இந்த லண்டனில். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளுக்கு, போட்ட முதலுக்கு ஐந்து சதவீத லாபம் என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். லாபம் குறைந்தால் மிச்சத்தை இந்திய வரிப்பணத்திலிருந்து கொட்டிக் கொடுப்பார்கள்.

குலசிங்கம்: நட்டம் வந்தாலுமா?

சுந்தரேசன்: வந்தாலும்தான். லாபம் லண்டனுக்கு, நஷ்டம் ராமநாதபுரத்துக்கு. 1944-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகுதான் நிர்வாகம் ஊர் வந்து சேர்ந்தது. எங்கள் தாத்தா கட்டிய வரியில் இந்த ஊர்ப் பங்குதாரர்கள் மெத்தை தைத்துக்கொண்டார்கள். பேரன் நான் இங்கே வந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

குலசிங்கம்: எங்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. இலங்கையில் கோச்சி, அதுதான் ரயில், 1864-இல் ஓடத் தொடங்கிய நாள் முதல் அரசாங்கத்துடையதுதான். ஆனால் 1990-இல் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்திய யாழ்தேவி வண்டி 2014-இல்தான் திரும்ப வந்தது.

சுந்தரேசன்: இருபத்து நான்கு வருடத் தாமதம்!

குலசிங்கம்: அதற்கு யார் குற்றம் என்று பிரிக்க அந்த 400 பேர் காணாது ஐயா.

(சற்று நேரம் இருவரும் பேசவில்லை. குலசிங்கம் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் தேநீர் ஊற்றி நீட்டுகிறார்.)

குலசிங்கம்: ஆனால் தனியார் காலத்தில் ஒரு நல்ல பழக்கம் வந்தது. அரைமணி பிந்தினால் டிக்கெட் காசில் பாதி திரும்பக் கிடைக்கும், ஒரு மணி பிந்தினால் முழுவதும். போன வருடம் எனக்கு ஒரு குளிர்கோட்டு வாங்குகிற அளவுக்குக் கிடைத்தது.

சுந்தரேசன்: அந்த வழக்கம் நம்மிடம் இருந்திருந்தால் என் பாதையில் போனவர்களெல்லாம் மாடி வீடு கட்டியிருப்பார்கள். எங்களிடம் புகார்ப் புத்தகம்தான். பீரோவில் இருக்கும். சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம் இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் சாப்பிடப் போயிருப்பார். அவர் திரும்பி வருவதற்குள் பயணிக்குக் கோபம் ஆறிவிடும், சில சமயம் வண்டியே வந்துவிடும். இன்றைக்கு நாம் நிற்பதற்குக் காசு உண்டா?

குலசிங்கம்: கிடையாது. பஸ் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள் அல்லவா, சொன்ன நேரத்துக்கு பஸ் போய்விட்டால் அது தாமதக் கணக்கில் வராது.

சுந்தரேசன்: இந்த மூளை அரசாங்க மூளையா, தனியார் மூளையா?

குலசிங்கம்: நேற்று வண்டி ஓட்டினவர்கள்தான் இன்றும் ஓட்டுகிறார்கள். பெட்டிகளும் இன்னும் வாடகைதான். அந்தக் கம்பெனிகளை அரசாங்கம் தொடவில்லை.

சுந்தரேசன்: பந்தலும் சமையலும் நம்முடையது, பாத்திரம் மட்டும் வாடகை. பரவாயில்லை, திட்டுவதற்கு ஆள் குறைந்திருக்கிறார்கள். (சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சுப் பட்டை போட்ட டிக்கெட்டை எடுத்து, தேதியைத் தடவிப் பார்க்கிறார்.) 34 வருடம் ஊருக்கெல்லாம் கொடுத்தேன், எனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. இதைக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறேன்.

குலசிங்கம்: ஒருவழி டிக்கெட்டா?

சுந்தரேசன்: ஆமாம். திரும்பும்போது மருமகன் காரில் அழைத்துவருகிறார்.

குலசிங்கம்: சொல்ல மனம் வரவில்லை ஐயா. வாட்டர்லூவில் வெளியேறுகிற கதவில் டிக்கெட்டைச் செருக வேண்டும். ஒருவழி என்றால் விழுங்கிவிடும், திரும்பத் தராது.

சுந்தரேசன்: விழுங்கிவிடுமா? வரலாற்றையா?

(பஸ் வந்து நிற்கிறது. பக்கவாட்டில் ஏதோ சுற்றுலாக் கம்பெனியின் பெயர். ஓட்டுநர் இறங்கி, வாட்டர்லூவில் எங்கே நிறுத்த வேண்டும் என்று குலசிங்கத்திடம் கேட்கிறார். குலசிங்கம் கை நீட்டி வழி சொல்கிறார்.)

சுந்தரேசன்: தம்பி, பஸ் எங்கே இறக்கிவிடும்?

குலசிங்கம்: ரோட்டில், நிலையத்துக்கு வெளியே.

சுந்தரேசன்: அங்கே கதவு உண்டா?

குலசிங்கம்: ரோட்டுக்கு ஏது ஐயா கதவு?

சுந்தரேசன்: (குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக ஏறுகிறார்) வாருங்கள், வாருங்கள், ஜன்னல் சீட் காலியாக இருக்கிறது.