எத்தனை கிலோ மீட்டோம் என்பது சரியான கணக்கு இல்லை

உபரி உணவைச் சேகரித்துக் கொடுக்கும் குழுக்களின் பதிவுகளைப் பார்த்திருப்பீர்கள். "இந்த மாதம் இத்தனை ஆயிரம் கிலோ உணவை மீட்டோம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த உழைப்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன், நானும் இந்த வேலைக்குப் போகிறவன்தான். ஆனால் வண்டியில் ஏற்றிய எடையை மட்டும் எண்ணுவது தப்பு. வாங்கிப் போன வீட்டில் எவ்வளவு அடுப்பேறியது, எவ்வளவு குப்பைக்குப் போனது என்பதைத்தான் எண்ண வேண்டும்.

உலகக் கணக்கு மலைக்க வைக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் வீடுகளும் உணவகங்களும் கடைகளும் சேர்ந்து 105 கோடி டன் உணவை வீணாக்கியிருக்கின்றன. தோல், எலும்பு எல்லாம் சேர்த்துத்தான், இருந்தாலும் மக்கள் கைக்கு வரும் உணவில் இது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. இன்னொரு பக்கம், 2023-ல் 230 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போதிய உணவு நிச்சயமில்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இங்கிருந்து எடுத்து அங்கே கொடுத்தால் முடிந்தது என்று தோன்றும். அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் இல்லை.

பசி என்றதும் தெருவோரம் கை நீட்டுகிறவர் முகம்தான் நம் நினைவுக்கு வருகிறது. உணவு நிச்சயமின்மையை அளக்க ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. முதல் கேள்வி, பணமோ வசதியோ இல்லாததால் சாப்பாடு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது. சத்தானதைச் சாப்பிட முடிந்ததா, ஒருவேளை சாப்பாட்டை விட்டீர்களா என்று போய், நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதில் முடிகிறது. அதாவது தட்டு காலியாவதற்கு ரொம்ப முன்னாலேயே கஷ்டம் தொடங்கிவிடுகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே, வாடகை கட்டிக்கொண்டே, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு "எனக்குப் பசிக்கலை" என்று சொல்லும் அம்மா அந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறார். நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் என்ன சமைக்கலாம் என்று யோசிக்கும் அவருக்கு, என்றைக்கோ ஒருநாள் வந்து இறங்கும் நாற்பது கேக் பெட்டிகளால் என்ன பயன்?

சமைத்த உணவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். விருந்து முடிந்து நடுராத்திரி அழைப்பு வரும்: "நூறு பேருக்கு இருக்கு, உடனே வந்து எடுத்துக்கோங்க." போய் மூடியைத் திறந்தால் ஆவியே இருக்காது. தெர்மாமீட்டரை நடுவில் செருகிப் பார்ப்போம். சூடாக வைத்திருந்தால் 60 டிகிரிக்கு மேலே, குளிர வைத்திருந்தால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிருமி வளர்ந்த சாப்பாடு ஊசிப்போன வாடை அடித்தே தீரும் என்றும் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "பசிக்கிறவங்களுக்கு இது போதாதா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். மருத்துவமனைக்குப் போகக் காசில்லாத வீட்டுக் குழந்தைக்குத்தான் அதிகப் பாதுகாப்பு வேண்டும்.

சட்டங்கள் உதவுகின்றன. நல்லெண்ணத்தோடு தானம் தருபவரை வழக்கிலிருந்து காக்க அமெரிக்கா 1996-ல் சட்டம் கொண்டுவந்தது. பிரான்ஸ் 2016-ல், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் உண்ணத் தகுந்த உணவை அழிக்கக் கூடாது என்றது. நல்லதுதான். ஆனால் குளிர்சாதன வண்டிக்கும் கிடங்குக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் யார் பணம் தருவது? அதை யோசிக்காவிட்டால், கடையின் குப்பைச் செலவு தொண்டு நிறுவனத்தின் தலையில் விழுகிறது. வந்ததில் அழுகியதைப் பிரித்துப் போடவே தன்னார்வலர்களின் நேரம் நிறையப் போய்விடுகிறது.

உணவு வங்கி என்பதே 1967-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் தொடங்கியது. ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஆரம்பித்தார். கடை கழித்துப்போட்டதை எடுத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், பணத்தை வங்கியில் போட்டு எடுப்பதுபோல உணவுக்கும் ஓர் இடம் இருக்கலாமே என்று அவரிடம் சொன்னதிலிருந்துதான் அந்த எண்ணம் வந்ததாம். யோசனை, உணவு தேவைப்பட்டவரிடமிருந்து வந்திருக்கிறது. அதனால்தான், கட்டிய பையைக் கையில் திணிப்பதைவிட அலமாரியில் அடுக்கி வைத்து அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்வது நல்லது என்கிறேன். ஒருவர் பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்ப்பார், வீட்டில் யாருக்கோ சேராது என்று திரும்ப வைப்பார், வேறொன்றை எடுப்பார். அப்படி எடுத்துப் போனது வீணாவது குறைவு. அப்புறம், கொடுக்கும்போது போட்டோ எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். படத்துக்குப் பயந்தே வராமல் இருக்கிற குடும்பங்கள் உண்டு.

கடையோ உணவகமோ நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், வாரத்தில் ஒரு நாளையும் நேரத்தையும் குறித்து, தவறாமல் கொடுங்கள். என்ன இருக்கிறது, எப்போது சமைத்தது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழு நடத்துகிறவர்கள் அடுத்த பதிவில் கிலோவுக்குப் பக்கத்திலேயே, எவ்வளவைத் திருப்பி அனுப்பினீர்கள், எத்தனை குடும்பங்கள் தாங்களே தேர்ந்தெடுத்து வாங்கிப் போனார்கள் என்பதையும் எழுதுங்கள்.