வெள்ளம் வடிந்தது சரி, மீண்டது யார்?

டிசம்பர் வந்தாலே 2015 வெள்ளப் படங்கள் டைம்லைனில் சுற்ற ஆரம்பித்துவிடும். படகோடு ஊருக்குள் வந்த மீனவர்கள், பள்ளிவாசலில் ஆக்கிய சோற்றை வாங்கிப் போகும் பக்கத்துத் தெருக்காரர்கள், மொட்டை மாடியிலிருந்து ஹெலிகாப்டரைப் பார்த்துக் கையாட்டும் குடும்பம். கூடவே 'சென்னை மீண்டெழுந்தது' என்று ஒரு வரி. முன்பின் தெரியாதவர்களுக்காக மனிதர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியதை நானும் பார்த்தேன், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஒரு வரிக்கு மட்டும் இனி என்னால் லைக் போட முடியாது.

அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஏரிகளெல்லாம் தளும்பிக்கொண்டிருந்த நேரத்தில் டிசம்பர் 1 அன்று மறுபடியும் கொட்டித் தீர்த்தது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் என்று கரையோரம் மொத்தமும் ராத்திரியோடு ராத்திரியாக மூழ்கியது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, இது மனிதர்களால் உண்டான பேரிடர் என்றே சொன்னது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். கார் வைத்திருந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் இருந்தது, இழுபறியானாலும் ஏதோ ஒரு தொகை வந்தது. ஐடி கம்பெனிகள் ஆட்களை வேறு ஊர்களுக்கு அனுப்பி வேலையை ஓட்டின. விமான நிலையம் சில நாட்களில் திறந்தது. சேற்றில் புதைந்த தையல் மிஷினுக்கு எந்த இன்சூரன்ஸ்? இஸ்திரி வண்டிக்கு? தண்ணீர் புகுந்த ஆட்டோ இன்ஜினுக்கு? அரசு தந்த 5,000 ரூபாய் பாத்திரமும் பாயும் வாங்கவே சரியாகப் போனது, தொழிலைத் திரும்பத் தொடங்க வாரக் கடன்தான். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக வந்தது. கார்டு இல்லாதவர்கள் மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள், அவர்களில் வாடகைக்குக் குடியிருக்கும் வெளியூர்த் தொழிலாளிகள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, மீட்பு என்ற பெயரிலேயே நடந்தது. ஆற்றை மீட்கிறோம், இனி உங்களுக்கு வெள்ள ஆபத்தே இருக்காது என்று சொல்லி அடையாற்றங்கரைக் குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே, பாதிப் படிப்பில். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில். தென்சென்னை ஏரிகளின் உபரிநீரெல்லாம் அந்தக் கழுவெளியில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே ஏழைகளைக் குடியேற்றிய கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அதே தாழ்நிலத்தில்தான் இருக்கின்றன. செம்மஞ்சேரியில் தண்ணீர் நிற்காத பெருமழை உண்டா? மிக்ஜாமில் பெரும்பாக்கமும் மூழ்கியது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கூட்டிப்போய் வெள்ளம் வந்து சேரும் இடத்தில் விட்டிருக்கிறார்கள், இதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை பார்த்த ஓர் அக்கா அப்படிப் போனவர். கொஞ்ச காலம் விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்தார். நேரத்துக்கு வர முடியவில்லை என்று ஒவ்வொரு வீடாக நின்றுபோனது. அங்கே எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு இருக்கிறது, பக்கத்தில் வேலை இல்லை. மகனுக்குப் பள்ளி மாறியது ஒத்துவரவில்லை, படிப்பை விட்டுவிட்டான். ஆற்றங்கரையில் ஒவ்வொரு மழைக்கும் பயம் இருந்ததுதான், ஆனால் கையில் காசு இருந்தது, கஷ்டம் என்றால் ஓடிவர நாலு பேர் இருந்தார்கள் என்று அவரே சொன்னார்.

ஆக்கிரமிப்புதானே, எடுத்தது சரிதானே என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். சரி, எல்லா ஆக்கிரமிப்பையும் பேசுவோம். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேலேயே பாலமாக நிற்கிறது. பள்ளிக்கரணையில் குப்பை மலை இருக்கிறது, பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. 2022இல் அந்தச் சதுப்பு நிலத்தை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது நானும் மகிழ்ந்தேன், ஆனால் பழைய கழுவெளியில் மிச்சம் கிடந்த சொற்பத்துக்குத்தான் அந்தப் பெருமை. அந்தக் கட்டடங்களை லாரியில் ஏற்ற யாரும் வரவில்லை.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இஎம்ஐ கட்டுகிற வண்டியை யார்தான் மூழ்கவிடுவார்கள்? அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள். அதே அனுபவம் பெரும்பாக்கத்துப் பெண்களுக்கும் இருக்கிறது. எந்த பிளாக்கில் முதலில் தண்ணீர் ஏறும், லிப்ட் நின்றால் எந்த மாடியில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார்கள், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கோடிக் கணக்கில் செலவு செய்து திட்டம் போடும் கூட்டங்களில் அவர்களுக்கு நாற்காலி உண்டா?

அதனால் இந்த வருடம் படம் பகிர்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வார்டில் குடியிருப்பவர்கள் குறை சொல்லும் ஏரியா சபை கூடும்போது வடிகால் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 2015க்குப் பிறகு நம் பகுதியிலிருந்து எத்தனை குடும்பங்களை எங்கே அனுப்பினார்கள், இப்போது அவர்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்றும் எழுத்தில் கேளுங்கள். கரையோரம் இன்னும் மிச்சம் இருக்கிறவர்களுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கட்டித் தர நகரத்துக்குள் அரசு நிலம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.