காமிக்ஸ் நாயகன் டெட் கோர்ட் சாவில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று

"பேட்மேன் என்றாலே இருட்டுதான்" என்று யாராவது அடித்துச் சொன்னால், நீங்கள் முதலில் படித்தது எந்தக் காலத்துக் கதை என்று கேட்கத் தோன்றும். 1939-ல் வந்த பேட்மேன், வில்லன் செத்தால் கண் கலங்காதவன். 1954-ல் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதிகள் வந்த பிறகு அதே ஆள் வேற்றுக்கிரகவாசிகளோடு குழந்தைத்தனமான சாகசங்கள் செய்துகொண்டிருந்தான். 1986-ல் ஃபிராங்க் மில்லர் அவனை 55 வயதுக் கோபக்காரனாக்கினார். மூன்றுமே பேட்மேன்தான். எந்த வயதில் எது கையில் கிடைத்ததோ, அதுவே நமக்கு அசல் ஆகிவிடுகிறது.

இருட்டான கதைகளை ரசிகர்கள் கேட்டதால்தானே கொடுக்கிறார்கள் என்பார்கள். எந்த ரசிகர்கள்? 1988-ல் பேட்மேனின் கூட்டாளியான இரண்டாவது ராபின் ஜேசன் டாட் பிழைக்கலாமா, சாகலாமா என்று தொலைபேசியில் வாக்கெடுத்தார்கள். சாகட்டும் என்றவை 5,343, பிழைக்கட்டும் என்றவை 5,271. 72 வாக்கில் ஒரு பையன் செத்தான். கிட்டத்தட்ட பாதிப்பேர் அவனைக் காப்பாற்றத்தான் போன் செய்திருந்தார்கள்.

சோகக் கதை எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 1973-ல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி செத்த இதழ் இன்றும் என்னை உலுக்கும். கீழே விழும் அவளை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிக்கிறான், ஆனால் உயிர் இல்லை. காப்பாற்ற வீசிய வலையே கழுத்தை முறித்துவிட்டதோ என்ற கேள்வி அவனை விடுவதில்லை. அந்தத் துயரம் அவன் யார் என்பதிலிருந்தே பிறக்கிறது.

டெட் கோர்ட் விஷயம் வேறு. 1987-ல் கீத் கிஃபனும் டிமேட்டீஸும் எழுத, கெவின் மக்வயர் வரைந்த, ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர் ஹீரோ அணியின் கதையில் சண்டையைவிட அரட்டைதான் அதிகம். ப்ளூ பீட்டில் என்ற பெயரில் வரும் டெட்டும் அவன் நண்பன் பூஸ்டர் கோல்டும் அடிக்கிற கூத்துக்காகவே படித்தவர்கள் உண்டு. அந்த அணியைச் சேர்த்த மேக்ஸ்வெல் லார்ட் தந்திரக்காரன், ஆனால் போகப் போக மனிதனாகிறவன்.

2005-ல் அதே மேக்ஸ், டெட்டின் தலையில் சுடுகிறான். அந்த இதழ் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் நம்பாத டெட் தனியாகத் துப்பறிந்து, கடைசிவரை பணியாமல் சாகிறான். வீரமான சாவுதான். அதோடு நிறுத்தியிருந்தால் சரி, அழுதுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மேக்ஸ் ஆரம்பத்திலிருந்தே அணியைக் கெடுக்கத்தான் இருந்தான் என்று பழைய கதையையும் திருத்தினார்கள்.

இனிமேல் எழுதும் கதையை எவ்வளவு கறுப்பாக வேண்டுமானாலும் எழுதட்டும். எழுதி முடித்து, ஜனங்கள் நேசித்துவிட்ட கதைக்குள் ஏன் கை வைக்க வேண்டும்? இப்போது அந்த 1987 இதழ்களை எடுத்தால், டெட்டின் தோளில் மேக்ஸ் கை போடும்போதெல்லாம் எனக்கு அந்தத் துப்பாக்கிதான் தெரிகிறது.