டீஃபால்ட்டை யாரும் மாற்றப் போவதில்லைங்க

ராஸ்பெர்ரி பை மாதிரி சின்ன கம்ப்யூட்டர் போர்டு போட்டு பெட்டி செய்து விற்கும் கோயம்புத்தூர் நண்பர்களிடம், ப்ராசஸருக்கு என்ன கவர்னர் (அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லினக்ஸ் அமைப்பு) வைத்து அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் 'பெர்ஃபார்மன்ஸ்' என்பார்கள். எப்போதும் உச்ச வேகம், பிரச்சினை வராதாம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

அந்தப் பெட்டி எங்கே போய் உட்காருகிறது? பல்லடம் பக்கம் ஒரு தறிக்கூடத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பஞ்சுத் தூசி அடைத்த டப்பாவுக்குள். வேலை, சென்சார் தரும் பல்ஸை எண்ணுவது. அதற்கு 1.5 கிகாஹெர்ட்ஸ் எதற்கு? சும்மா இருக்கும்போது ப்ராசஸரின் கோர் தூங்கிவிடுமே என்பார்கள். தூங்கும், ஆனால் வோல்டேஜ் இறங்காது. வேலை வரும்போது இழுக்கும் மின்சாரமோ வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், அதனால் கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் விலை அதிகம். சித்திரை வெயிலில் சிப் 80 டிகிரியைத் தொட்டால் பை 4 தானாகவே வேகத்தைக் குறைக்கும். நீங்கள் கேட்ட உச்ச வேகம் அப்போது எங்கே?

"ஏனுங் தம்பி, பெட்டி இப்படிச் சுடுது, கரண்டு நெறைய இழுக்குமுங்களா?" என்று ஒரு தறிக்காரர் கேட்டார். கரண்ட் பில்லில் அது தெரியவே தெரியாது. எனக்குப் பயம் அவர் செருகியிருந்த மலிவு மொபைல் சார்ஜர் மேல்தான். சார்ஜர் தரும் வோல்டேஜ் 4.63க்குக் கீழே போனால் போர்டு எச்சரிக்கை கொடுக்கும், அதோடு வேகத்தையும் குறைக்கும்.

அதற்காக 'பவர்சேவ்' வைக்காதீர்கள். பை 4 இல் அது 600 மெகாஹெர்ட்ஸிலேயே கட்டிப்போட்டுவிடும். முதலாளி திரையில் ரிப்போர்ட்டைத் திறந்து காத்திருப்பார், அப்புறம் உங்களுக்கு போன் வரும். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்குவது பல நேரம் சிக்கனமும்கூட.

என் ஓட்டு, சுமைக்கேற்ப வேகத்தை மாற்றும் 'ஸ்கெட்யூட்டில்' கவர்னருக்கு. 2016 இல் லினக்ஸ் கெர்னல் 4.7 இல் வந்தது. பழைய 'ஆன்டிமாண்ட்' கவர்னர் அவ்வப்போது எட்டிப் பார்த்துத்தான் சுமையைக் கணிக்கும், இது எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஸ்கெட்யூலரின் கணக்கையே நேராக எடுத்துக்கொள்கிறது. பழைய கெர்னல் என்றால் ஆன்டிமாண்டே போதும். மூடிய டப்பாவுக்கு உச்ச வேகத்துக்கும் ஒரு வரம்பு போட்டுவிடுங்கள்.

"வேகம் மாறினால் சீரியல் போர்ட்டில் குப்பை வருதுங்களே" என்பார்கள். பை 3 இல் சீரியல் போர்ட்டை ஓட்டும் மினி யுஏஆர்டியின் பாட் ரேட் (டேட்டா போகும் வேகம்), கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியுவின் கோர் கடிகாரத்தோடு கட்டப்பட்டது. கான்ஃபிக் ஃபைலில் யுஏஆர்டியை எனேபிள் செய்யும் ஒரு வரியைப் போட்டால் அந்தக் கடிகாரம் நிலையாக நிற்கும். அதற்கு சிபியுவை முழு வேகத்தில் ஓட்டுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான்.

தறிக்காரர் லாகின் செய்து கவர்னரை மாற்றப் போவதில்லை. நீங்கள் வைத்ததுதான் பெட்டியின் ஆயுசு வரைக்கும். அதனால் ஏசி ரூமில் சோதித்துவிட்டு பில் போடாதீர்கள். டப்பாவை மூடி, அவர் சார்ஜரையே செருகி, மத்தியானம் கூடத்திலேயே ஓட்டி, த்ராட்டில் நிலையை, அதாவது வேகம் குறைக்கப்பட்டதா என்று, போர்டிடம் கேளுங்கள். பூஜ்யம் வந்தால் சரி, அனுப்பலாம்.