ஆர்டூவோட மெமரிய யாரும் அழிக்கல

ஸ்டார் வார்ஸ் படங்கள்ல வர்ற ஆர்டூ, த்ரீபியோங்கற ரெண்டு ரோபோவுக்குமே மெமரிய அழிச்சுட்டாங்க, அதனால அப்புறம் வர்றது வேற ரோபோன்னு சிலர் சொல்றாங்க, அது தப்புங்க. 2005ல வந்த படத்தோட கடைசில செனட்டர் பெயில் ஆர்கனா, கேப்டன் ஆன்டிலிஸ்கிட்ட த்ரீபியோவுக்கு மட்டும்தான் அழிக்கச் சொல்றாரு. 1977 படத்துல ஆர்டூவோட மெமரிய நாளைக்கு அழிச்சுட்டு வான்னு ஹீரோ லூக்கிட்ட அவனை வளர்த்த ஓவன் சொல்வாரு, ஆனா ஆர்டூ அன்னிக்கு ராத்திரியே ஓடிப்போயிடும்.

வேற ரோபோங்கறதையும் என்னால ஒத்துக்கவே முடியல. த்ரீபியோவுக்கு தன்னைச் செஞ்சது லூக்கோட அப்பா அனக்கின்ங்கறதே மறந்துபோச்சு, பாவம், ஆனா அதே பயம், அதே புலம்பல், ஆர்டூ கூட அதே சண்டை எல்லாம் அப்படியே இருக்கே! 2019 படத்துல மறுபடி அழிச்சதும் கண்ணத் தொறந்து, கூடவே இருந்தவங்ககிட்ட அவ்ளோ மரியாதையா தன்னை அறிமுகப்படுத்திக்கும், அப்புறம் ஆர்டூ வச்சிருந்த பேக்கப்லதான் பழசெல்லாம் திரும்ப வரும்.