சாவி யாரிடம் இருக்கிறது?

போன ஞாயிறு காலை எங்கள் ஓவிய வகுப்புக்கு 22 பிள்ளைகள் வந்து நின்றார்கள். கிரேயான், சார்ட், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் பழைய காலண்டர் தாள், ரெண்டு பாக்கெட் பிஸ்கட் எல்லாம் தயார். அறைச் சாவிதான் இல்லை. வாட்ச்மேன் அண்ணன் ஒரு சாவுக்கு ஊருக்குப் போய்விட்டார், சாவியும் அவர் இடுப்பிலேயே போய்விட்டது. போன் போட்டால், "நாளைக்கு வந்துருவேன் சார்" என்கிறார். துக்க வீட்டில் இருப்பவரிடம் என்ன கோபப்படுவது? எதிரே பூட்டியிருந்த லாண்டிரிக் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து வரைந்தோம். அன்றைக்குப் பாதிப் பேர் வரைந்தது இஸ்திரிப் பெட்டி.

பெரம்பூர் பக்கம் நண்பர்கள் நான்கு பேராகச் சேர்ந்து இந்த வகுப்பை ஏழு வருடமாக நடத்துகிறோம். காசு வாங்குவதில்லை. இத்தனை வருடத்தில் சொல்லித்தர ஆள் இல்லை என்று ஒரு வகுப்புகூட நின்றதில்லை. காசில்லை என்றும் நின்றதில்லை, ஜெராக்ஸ் செலவையும் டீச் செலவையும் யாராவது கொடுத்துவிடுகிறார்கள். நின்றதெல்லாம் இடமில்லாமல்தான். அதனால் "இந்தக் காலத்தில் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது" என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மனப்பான்மைக்கு ஒரு குறையும் இல்லை சார், ஒரு ரூம் கொடுங்கள்.

சென்னையில் மக்களாகச் சேர்ந்து நடத்தி நிலைத்த எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், அதற்குப் பின்னால் யாரோ திறந்துவிட்ட கதவு ஒன்று இருக்கும். லினக்ஸ் என்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும் கணினி இயங்குதளம் ஒன்று உண்டு. அதை நான் கற்றுக்கொண்டது காசு கட்டிய கோர்ஸில் அல்ல. அப்போது சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதாந்திரக் கூட்டம் ஐஐடி வளாகத்துக்குள், விமானப் பொறியியல் துறையின் ஒரு வகுப்பறையில் நடக்கும். கேட்டில் பெயரைச் சொல்லி, கஜேந்திரா சர்க்கிள் வரை நடந்து, மான்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தால், எதிரே நின்று பேசுகிறவர் பெரிய கம்பெனி இன்ஜினியராகவும் இருப்பார், இரண்டாம் வருட மாணவராகவும் இருப்பார். கட்டணம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. அந்த வகுப்பறை கிடைக்காமல் போயிருந்தால் நாங்கள் மெயிலிலேயே சண்டை போட்டுக்கொண்டு கலைந்திருப்போம்.

எழுத்தாளர் ஞாநி கே.கே. நகரில் தன் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில் நடத்திய 'கேணி' கூட்டங்களும் அப்படித்தான். மாதம் ஒருமுறை, யார் வேண்டுமானாலும் போகலாம். ஹாலுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டாம், யாரிடமும் அனுமதிக் கடிதம் நீட்ட வேண்டாம். சொந்தக் கிணற்றடி. பெசன்ட் நகரில் நடனக் கலைஞர் சந்திரலேகா நாடகத்துக்கும் நடனத்துக்கும் திறந்துவிட்ட 'ஸ்பேசஸ்' கடற்கரையை ஒட்டியே இருக்கிறது. நல்ல மனிதர்கள், நல்ல இடங்கள். ஆனால் எல்லாருக்கும் கே.கே. நகரில் கிணறு இருக்காதே. வடசென்னையில் வீடே ஒரு ரூம், அதில் அஞ்சு பேர்.

அந்த வடசென்னையிலும் ஆட்கள் சும்மா இருந்ததில்லை. அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலை, தெரு முனையில் கேரம் கிளப் என்று கிடைத்த சந்தில் நடத்திக்கொண்டுதான் இருந்தார்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்கும் ஆட்டம் படிந்தது இப்படிப்பட்ட ஒரு சின்ன இடத்தில்தான். வெளியூர்க்காரர்களுக்கு கேரம் கிளப் என்றால் வெட்டிப் பசங்க கூடும் இடம் என்று ஒரு எண்ணம். போய்ப் பாருங்கள். ஒரு போர்டு, மேலே தொங்கும் ஒரு பல்பு, சுற்றி எட்டுத் தலை. பெரியவர் ஒருவர் வாயே திறக்காமல் பையனின் விரலைப் பிடித்துத் திருத்துவார்.

"பூங்காவில் நடத்தலாமே, பீச் இருக்கே" என்று கேட்பவர்கள் உண்டு. நடத்தியிருக்கிறோம். பெங்களூரு கப்பன் பூங்காவில் சனிக்கிழமை பாயை விரித்து ஆளுக்கொரு புத்தகம் படிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் ஆரம்பித்தோம். சும்மா உட்கார்ந்து படிக்க அது அருமையான ஏற்பாடு. ஆனால் பறை அடிக்க முடியாது, போர்டு மாட்ட முடியாது, மழைக்கு ஒதுங்க முடியாது. நம்ம ஊர் மே மாத வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அதோடு பாத்ரூம். இதை யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். பூங்காவில் வகுப்பு நடந்த இரண்டு வருடத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஆர்வம் போய்விட்டது, வீட்டில் விடவில்லை, போனில் மூழ்கிவிட்டார்கள் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு அம்மாதான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூணு மணி நேரம் எங்க போவா தம்பி?" அவ்வளவுதான் விஷயம். பூட்டும் தண்ணீரும் உள்ள கழிவறை கொண்ட அறை கிடைத்த பிறகு நான்கு பேர் திரும்ப வந்தார்கள். ஒருத்தி இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள்.

இந்த நகரத்தில் அறைக்கா பஞ்சம்? மாலை ஆனால் மாநகராட்சிப் பள்ளிகள் பூட்டிக் கிடக்கின்றன. ஞாயிறு முழுக்கப் பூட்டு. பெஞ்சு, கரும்பலகை, ஃபேன், கழிவறை எல்லாம் உள்ளே இருக்கிறது. வெளியே தெருவிளக்கின் கீழ் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள்.

தலைமை ஆசிரியர்களைத் திட்ட வரவில்லை. ஒருவரிடம் கேட்டபோது அவர் சொன்னது நியாயமாகவே பட்டது: "பெஞ்சு உடைஞ்சா நான் எழுதணும், குழந்தைக்கு ஒண்ணு ஆனா நான் உள்ள போகணும்." இலவச வகுப்பு என்ற பெயரில் கட்சிக்கும் மதத்துக்கும் ஆள் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பிள்ளைகளிடம் யார் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டியதுதான். எங்களையும் கேளுங்கள். ஆனால் பயத்துக்கு மருந்து பூட்டு மட்டும்தானா?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சாவியை அவர்களிடம் கொடுங்கள். யார் வருகிறார்கள், என்ன சொல்லித்தருகிறார்கள் என்று நோட்டில் எழுதி, ஒரு அம்மா வாசலில் உட்காரட்டும். அவரை ஏமாற்றிவிட்டு எவனும் உள்ளே போய்விட முடியாது, எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். வேண்டுமானால் எங்களிடம் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், கடைசியில் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். சென்னையில் 200 வார்டு. வார்டுக்கு ஒரே ஒரு அறை, மாலை 6 முதல் 9 வரை, ஞாயிறு முழு நாள். புதிதாக ஒரு செங்கல் வைக்க வேண்டாம், அடிக்கல் நாட்டு விழாவும் வேண்டாம். ஒருவேளை அதனால்தான் யாரும் கண்டுகொள்ளவில்லையோ என்னவோ.

சரி, இந்த ஞாயிறு விவரம். வாட்ச்மேன் அண்ணன் திரும்பிவிட்டார், ஆனால் அறைக்கு அன்று பெயிண்ட் அடிக்கிறார்களாம். லாண்டிரிக்காரர் படிக்கட்டைத் தருகிறேன் என்கிறார். கல்யாண சீசன் என்பதால் அவர் ஞாயிறும் கடை திறக்கிறார், ஒன்பதரைக்குள் காலி செய்ய வேண்டும். எனவே ஏழு மணிக்கே வகுப்பு. பாய் இருப்பவர்கள் ரெண்டு எடுத்து வாருங்கள், படி சில்லென்று இருக்கும்.