ஸ்பிரிங்கை மாற்றுவதைவிடப் பிடியை ராவுங்கள்

கெட்டியான ஸ்பிரிங் போட்டால் ஏர் பிஸ்டலின் (காற்றழுத்தத்தில் குண்டைத் தள்ளும் கைத்துப்பாக்கி) குறி தப்பாது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அங்கேதான் இடிக்கிறது. நானும் அப்படி நம்பிப் போட்டேன். உதைப்புதான் கூடியது, குண்டுகள் அட்டையில் ஆளுக்கொரு மூலையில். (சில நாடுகளில் வேகம் வரம்பு மீறினால் லைசென்ஸ் சிக்கல் வேறு.) பழையதையே திரும்ப மாட்டிவிட்டு, மரப்பிடியை என் உள்ளங்கைக்கு ஏற்ப அரத்தால் ராவி உப்புத்தாள் தேய்த்தேன். கட்டைவிரல் உட்காரும் பள்ளத்துக்கே இரண்டு ஞாயிறு போனது. 10 மீட்டர் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். அதில் 4.5 மில்லிமீட்டர் குண்டை இறக்குவது பிடியும் விரலும்தான். விரலால் இழுக்கும் விசையையும் (டிரிக்கர்) ரொம்ப இளக்காதீர்கள். அதை இழுக்கக் குறைந்தது 500 கிராம் எடை தேவைப்பட வேண்டும் என்று போட்டி விதியே கேட்கிறது. ஸ்பிரிங் வகையைக் குண்டில்லாமல் சுடவே சுடாதீர்கள், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் மோதி, காற்றை அடைக்கும் சீல் போய்விடும். என்னுடையது போயிற்று.